ஓர் ஆசிரியரின் குரலும் குறுந்தட்டின் வரலாறும்



கடந்த ஆண்டு இறுதி விடுமுறையின்போது, எங்கள் பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, பின்னர் மறைந்துவிட்ட மூத்த ஆசிரியர் ஒருவரின் மகள் என்னைத் தேடி வந்தார். "சார், அப்பா கடைசியாகப் பாடம் நடத்தியதை நீங்கள் பதிவு செய்தீர்களாமே, அது இன்னும் இருக்கிறதா? அம்மா கேட்கிறார்," என்றார். இருக்கிறது என்றேன். வாட்சாப்பில் அனுப்பிவிடுகிறேன் என்றும் கூறினேன். அவர் தயங்கினார். "அம்மாவுக்குக் கைப்பேசி பழக்கமில்லை சார். வீட்டில் பழைய ரேடியோ ஒன்று இருக்கிறது. அதில் தட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்துவதுதான் அவருக்குத் தெரியும். குறுந்தட்டாகக் கொடுக்க முடியுமா?"

எளிய வேலைதான் என்று எண்ணினேன். ஆனால் மூன்று முறை தட்டு எரித்த பிறகே அந்த அம்மையாரால் தம் கணவரின் குரலைக் கேட்க முடிந்தது. முதல் தட்டு பாடவே இல்லை. இரண்டாவது பாடியது, ஆனால் குரல் ஐயாவின் குரலாக இல்லை. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோது, நாம் அன்றாடம் கையாண்ட அந்த வெள்ளித் தட்டின் பின்னே சுவையான வரலாறு ஒன்று இருப்பதை அறிந்தேன். அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி எண்ணாக மாறிய கதை

ஒலி என்பது காற்றில் எழும் அலை. அதனை மெழுகிலும் அரக்கிலும் கீறலாகவும், ஒலிநாடாவில் காந்தப் பதிவாகவும் சேமித்த காலம் நீண்டது. அவ்வலையை எண்களாக மாற்றலாம் என்ற கருத்தை 1937ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கினார். தொலைபேசிப் பேச்சை இரைச்சலின்றி அனுப்புவதே அவர் நோக்கம்.

இதனை நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்கலாம். மாணவனின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து உடல்நல அட்டையில் குறிக்கிறோம். அப்புள்ளிகளை இணைத்தால் அவன் வளர்ச்சிக் கோடு தெரிகிறது. அவ்வாறே ஒலியலையின் உயரத்தைக் குறித்த இடைவெளியில் அளந்து எழுதிவிட்டால், அந்த எண்களைக் கொண்டு அலையை மீண்டும் வரையலாம். எத்தனை முறை அளக்கவேண்டும்? நாம் கேட்க விரும்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கும் சற்று மேலாக அளந்தால் போதும் என்பது கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையால் நிலைபெற்ற விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே, நொடிக்கு 40,000 முறைக்கு மேல் அளக்கவேண்டும்.

44,100 என்னும் விந்தை எண்

ஆனால் குறுந்தட்டு நொடிக்குச் சரியாக 44,100 அளவுகளை வைத்திருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது?

1970களில் இவ்வளவு எண்களை வேகமாகப் பதிவு செய்ய ஏற்ற கருவி இசைத்துறையில் இல்லை. தொலைக்காட்சித் துறையில் இருந்தது. அதுதான் வீடியோ நாடாப் பதிவி. எனவே சோனி நிறுவனத்தார் ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, படம் போல நாடாவில் பதிந்தனர். ஒரு வரிக்கு 3 அளவுகள் அடங்கின. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த முறையில், நொடிக்கு 60 புலங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படக்கூடிய 245 வரிகள். மூன்றையும் பெருக்கினால் 44,100. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நம் மலேசியா, சிங்கப்பூரிலும் பின்பற்றப்பட்ட முறையில் நொடிக்கு 50 புலங்கள். ஒவ்வொன்றிலும் 294 வரிகள். 3, 294, 50 ஆகியவற்றைப் பெருக்கினாலும் அதே 44,100. இருவகைக் கருவிகளிலும் அடங்கும் எண் என்பதால் அதுவே நிலைத்தது. அந்த வீடியோ நாடாக்கள் வழக்கொழிந்துவிட்டன. எண் மட்டும் இன்றும் வாழ்கிறது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெருக்கல் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். விடை ஒன்றாக வருவதைக் கண்டு வியப்பார்கள்.

இரு நிறுவனங்களின் உடன்பாடு

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1979 மார்ச் 8ஆம் நாள் ஐந்தோவன் நகரில் தன் மாதிரித் தட்டைச் செய்தியாளர்களுக்கு இயக்கிக் காட்டியது. அதே ஆண்டில் சோனியுடன் கூட்டுப் பணி தொடங்கியது. பிலிப்ஸ் 14 பிட் அளவுமுறையை முன்மொழிந்தது. சோனி 16 பிட் வேண்டுமென்றது. 16 பிட் என்றால் ஒவ்வோர் அளவையும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கலாம். சோனியின் கருத்தே வென்றது. தட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றும், 74 நிமிடங்களுக்கு மேல் இசை அடங்கும் என்றும் முடிவாயிற்று. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுமையாக அடங்கவேண்டும் என்பதற்காகவே இந்த நீளம் தெரிவு செய்யப்பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அத்திட்டத்தில் பங்காற்றிய பொறியாளர் கீஸ் இம்மிங்க் இக்கதையை அப்படியே ஏற்கவில்லை. வணிகப் போட்டியே முதன்மைக் காரணம் என்பது அவர் கருத்து.

1980இல் இந்த உடன்பாடு எழுத்து வடிவம் பெற்றது. அட்டையின் நிறத்தால் அதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர் வழங்கலாயிற்று. 1982 அக்டோபர் 1ஆம் நாள் சோனியின் சிடிபி-101 என்ற முதல் கருவி ஜப்பானில் 168,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தது.

இங்கே நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய குறுந்தட்டு இயக்கி அறிந்த மொழி இந்தச் சிவப்புப் புத்தகத்தின் மொழி மட்டுமே. நொடிக்கு 44,100 அளவு, 16 பிட், இரு தடம். அதற்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. கோப்பின் பெயர், கோப்புறை எதுவும் தெரியாது. என் முதல் தட்டு ஏன் பாடவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நான் எம்பி3 கோப்புகளை அப்படியே தட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். கணினிக்கு அது தட்டு. அந்த ரேடியோவுக்கோ அது புரியாத மொழி. திரையில் 1 என்ற எண் தோன்றி, ஒலியின்றி நின்றுவிட்டதாம்.

பள்ளி விழா மேடையில் இதே தவறு எத்தனை முறை நிகழ்ந்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஒப்பனையோடு பிள்ளைகள் மேடையில் காத்து நிற்க, வீட்டுக் கணினியில் நன்றாகப் பாடிய தட்டு மண்டபத்துக் கருவியில் பாடாமல் போகும். தட்டின் மீதோ கருவியின் மீதோ பழி போடுவோம். இரண்டிலும் குற்றமில்லை.

கீறலைத் தாங்கும் கணிதம்

குறுந்தட்டின் அடியில் உள்ள சுருள் தடம் 5 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. நுண்ணிய குழிகளும் மேடுகளுமாக அமைந்த அதனை ஒளிக்கதிர் உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கிறது. தூசியும் கைரேகையும் படும் தட்டில் பிழையின்றிப் படிப்பது எவ்வாறு?

இதற்கு விடை 1960ஆம் ஆண்டிலேயே கணிதத்தில் கிடைத்திருந்தது. அமெரிக்காவின் இர்விங் ரீட், குஸ்தவ் சாலமன் என்னும் இருவர் எழுதிய கட்டுரையே அது. மாணவனின் ஐந்து பாட மதிப்பெண்களோடு மொத்தத்தையும் எழுதி வைத்தால், ஒரு மதிப்பெண் அழிந்தாலும் கணக்கிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அது போலக் கூடுதல் எண்களைச் சேர்த்து எழுதுவதே அவர்கள் முறையின் சாரம். மேலும், அடுத்தடுத்த எண்களை அடுத்தடுத்து எழுதாமல் கலைத்து எழுதுகிறார்கள். கல்விச் சுற்றுலாவுக்கு ஒரே வகுப்பு மாணவர்களை ஒரே பேருந்தில் ஏற்றாமல் பல பேருந்துகளில் பிரித்து ஏற்றுவதைப் போன்றது இது. ஒரு பேருந்து வராவிட்டாலும் ஒவ்வொரு வகுப்பிலும் சிலரே குறைவர். வகுப்பு முழுவதும் காணாமற்போகாது. இவ்விரண்டு உத்திகளால் தடத்தின் வழியே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வரை நீளும் கீறலையும் கருவி முழுமையாகச் சரிசெய்துவிடும்.

எரிக்கும் தட்டு

தொழிற்சாலையில் அச்சடிக்கப்பட்ட தட்டில் உண்மையான குழிகள் இருக்கும். நாம் எழுதும் தட்டில் குழி இல்லை. ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்திய சிடி-ஆர் தட்டில், ஒளியால் மாற்றமடையும் சாயப்பூச்சு ஒன்று உண்டு. வலிமையான ஒளிக்கதிர் அச்சாயத்தைச் சூடாக்கி நிறம் மாற்றுகிறது. படிக்கும் கருவிக்கு அது குழி போலவே தோன்றும். 'எரித்தல்' என்று நாமும் 'பாக்கார்' என்று மலாய்க்காரர்களும் கூறுவது உவமையன்று, ஓரளவு உண்மையே.

தொடக்கத்தில் எழுதும் கருவி செல்வந்த நிறுவனங்களுக்கே எட்டியது. 1995இல்தான் ஆயிரம் அமெரிக்க வெள்ளிக்கும் குறைந்த விலையில் எழுதி வெளிவந்தது. இதற்கிடையே கணினியில் ஒலியைக் கையாளும் வசதியும் பெருகியது. அதில் நம் அண்டை நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. 1992இல் வந்த அதன் 16 பிட் அட்டை, குறுந்தட்டின் அதே அளவுமுறையில் வீட்டுக் கணினியிலேயே குரலைப் பதிவு செய்ய வழிவகுத்தது. தோட்டப்புறப் பள்ளி ஆசிரியரும் தம் மாணவரின் பாட்டைத் தட்டாக்கலாம் என்ற நிலை இவ்வாறுதான் உருவாகியது.

2007இல் ஐயா ஓய்வுபெற்ற வாரம், மடிக்கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு அவர் இறுதிப் பாடத்தை நான் பதிவு செய்தேன். ஆத்திசூடியை இராகத்தோடு சொல்லித் தருவார், இடையிடையே கதை, பின்வரிசை மாணவனுக்கு ஒரு செல்லக் கண்டிப்பு. மொத்தம் 62 நிமிடங்கள்.

இழப்பும் இழப்பின்மையும்

குறுந்தட்டு ஒலி ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் இடம் கொள்ளும். அக்கால இணையத்திற்கு அது பெருஞ்சுமை. ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் ஆய்வுக் கழகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் வளர்த்த எம்பி3 முறை அதனைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்தது. உரத்த ஒலியின் அருகே மெல்லிய ஒலி நம் செவிக்குப் புலப்படாது. அவ்வாறு புலப்படாதவற்றை நீக்கிவிடலாம் என்பதே அதன் அடிப்படை. 1995இல் இக்கோப்புகளுக்கு 'எம்பி3' என்ற பின்னொட்டு வழங்கப்பட்டது.

இம்முறையை உருவாக்கியபோது அவர்களுக்குக் கடுஞ்சோதனையாக அமைந்தது பேரிசைக் குழு அன்று. சூசன் வேகா என்ற பாடகி துணையிசை ஏதுமின்றித் தனித்துப் பாடிய பாடல்தான். தனிமனிதக் குரலை நாம் அவ்வளவு நுட்பமாக அறிவோம். அதில் சிறு பிழையும் காதில் உறுத்தும். என் இரண்டாவது தட்டில் நேர்ந்தது இதுவே. எம்பி3 கோப்பை முறையாகச் சிவப்புப் புத்தக வடிவத்திற்கு மாற்றித்தான் எரித்தேன். ஆனால் அக்கோப்பு, மின்னஞ்சலில் அனுப்புவதற்காக மிகவும் சுருக்கப்பட்டது. ரேடியோ பாடியது. அம்மையார் சற்று நேரம் கேட்டுவிட்டு, "தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதே," என்றாராம்.

தட்டில் ஏற்றியபோது அக்கோப்பு பலமடங்கு பெருத்தது உண்மை. ஆனால் நீக்கிய ஒலி திரும்பவில்லை. அளவு கூடியது, குரல் கூடவில்லை. நீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் அது கெட்டிப்பால் ஆகுமா?

இதற்கு மாற்றாக எழுந்தவை இழப்பற்ற சுருக்க முறைகள். 1993இல் டோனி ராபின்சன் உருவாக்கிய ஷார்ட்டன் இவற்றுள் முன்னோடி. ஜாஷ் கோல்சன் உருவாக்கிய ஃபிளாக் 2001இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் அது பரவியது. ஆப்பிள் நிறுவனமும் 2004இல் தன் சொந்த இழப்பற்ற முறையை வெளியிட்டு, 2011இல் அதன் நிரலைப் பொதுவாக்கியது.

ஃபிளாக் எதையும் நீக்காமல் எவ்வாறு சுருக்குகிறது? ஒரு மாணவனின் மதிப்பெண்கள் 80, 81, 83, 84 எனில், முதல் எண்ணை எழுதி, பின்னர் 1, 2, 1 என்று வேறுபாடுகளை மட்டும் எழுதலாம். சிறிய எண்களுக்குச் சிறிய இடம் போதும். மீண்டும் கூட்டினால் அதே மதிப்பெண்கள். ஃபிளாக் இதைவிட நுட்பமாக, முந்தைய அளவுகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதுகிறது. அதற்கு அது கையாளும் எழுத்துமுறை, விண்கலங்கள் அனுப்பும் தரவைச் சுருக்குவதற்காக நாசாவைச் சார்ந்த ராபர்ட் ரைஸ் வகுத்தது. கோப்பு பெரும்பாலும் பாதியளவாகும். விரித்தால் ஓர் எண்ணும் மாறாது. மூல ஒலியின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்ணும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

மூன்றாவது தட்டு

2007இல் ஐயாவின் பாடத்தை இரண்டு சிடி-ஆர் தட்டுகளிலும் எழுதி வைத்திருந்தேன். நூல்நிலைய அலமாரியில், சன்னலோரம் இருந்த தட்டைத் தேடி எடுத்தேன். கணினி அதைப் படிக்க மறுத்தது. வீட்டிலிருந்த மற்றொன்றில் பாதிக்கு மேல் செல்லவில்லை. சாயம் என்பது கரிமப் பொருள். வெயிலும் வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குப் பகை. நம் நாட்டில் மூன்றும் குறைவின்றி உண்டு. மேற்பரப்பில் நானே ஒட்டிய வண்ணத்தாளும் வெள்ளிப்பூச்சைப் பெயர்த்திருந்தது.

எஞ்சியது வன்தட்டில் இருந்த ஃபிளாக் கோப்பு மட்டுமே. மூன்று கணினிகள் மாறிய கோப்பு அது. சரிபார்ப்பை ஓடவிட்டேன். எண் பொருந்தியது. அன்று வகுப்பறையில் பதிந்த ஒலியில் ஓர் இம்மியும் குறையவில்லை என்று அறிந்தபோது எனக்கேற்பட்ட நிம்மதியைச் சொல்லில் வடிக்க இயலாது.

பின்னர்ச் செய்தவை இவை. கோப்பைப் பதினான்கு தடங்களாகப் பிரித்தேன். குறுந்தட்டில் ஒரு நொடி என்பது 75 பகுதிகள். பகுதிக்கு 588 அளவுகள். அந்த எல்லையில் வெட்டாவிட்டால் தடங்கள் சேரும் இடத்தில் 'டக்' என்ற ஒலி எழக்கூடும். எனவே அதற்கேற்பப் பிரிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். எழுதும்போது, தடந்தடமாக நிறுத்தி எழுதாமல் முழுத்தட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தேன். இல்லையேல் தடத்திற்குத் தடம் இரண்டு நொடி மௌனம் புகுந்து, ஐயாவின் கதையைத் துண்டாக்கிவிடும். அழித்தெழுதும் தட்டு வேண்டாமென்று ஒதுக்கினேன். அதன் ஒளித்திருப்பம் குறைவு, பழைய கருவிகள் பல அதைப் படிக்கா. இறுதியாகத் தட்டை முடித்துவைக்கும் கட்டளையையும் கொடுத்தேன். அப்போதுதான் பொருளடக்கம் எழுதப்பட்டு, எந்த இயக்கியும் தடங்களை அடையாளம் காணும். என் பதிவு 44,100 அளவிலேயே இருந்ததால் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. 48,000 அல்லது 96,000 அளவில், 24 பிட்டில் பதிந்தவற்றை முதலில் குறுந்தட்டின் அளவுக்கு இறக்கவேண்டும். அப்போதும் மூலக்கோப்பை அழித்துவிடலாகாது.

நம் பள்ளிகளுக்கு

ஒலியைப் பேணும் கடமை நமக்கும் உண்டு. வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் பள்ளிகளிலோ ஆண்டு விழாப் பாடல்கள், பேச்சுப் போட்டிகள், மூத்த ஆசிரியர்களின் குரல்கள் பழைய தட்டுகளில் சத்தமின்றி அழிந்துகொண்டிருக்கின்றன. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டுச் செருகும் வாயே இல்லை. தையோ யூடென் நிறுவனமே 2015இல் இத்தொழிலை விட்டு விலகிவிட்டது. ஆகவே, என் வேண்டுகோள்கள்:

1. பள்ளியில் உள்ள பழைய தட்டுகளை இவ்வாண்டே கணினியில் ஏற்றி, ஃபிளாக் போன்ற இழப்பற்ற வடிவில் சேமியுங்கள்.
2. இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.
3. எம்பி3 கோப்பையும் குறுந்தட்டையும் படிகளாகக் கருதுங்கள், மூலமாகக் கருதவேண்டா.
4. நாமே பதிந்தவற்றைப் படியெடுப்பது வேறு. விலைக்கு விற்கும் திரைப்பாடலைப் படியெடுத்துப் பகிர்வது வேறு. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. மாணவர்களுக்கு நாம் நல்ல முன்மாதிரியாக விளங்கவேண்டும்.

மூன்றாவது தட்டை நானே கொண்டுசென்று கொடுத்தேன். அம்மையார் அதை ரேடியோவில் இட்டுப் பொத்தானை அழுத்தினார். ஐயா வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை அழைக்கத் தொடங்கினார். நான்காவது பெயருக்குப் பதில் வரவில்லை, "இன்றைக்கும் வரவில்லையா?" என்று வழக்கமான பாணியில் கேட்டார். அம்மையார் சிரித்துவிட்டார். "இதே கேள்வியைத் தினமும் வீட்டுக்கு வந்து என்னிடமும் கேட்பார்," என்றார்.

ஓர் எண்ணும் குறையாமல் காத்ததன் பயனை அப்போது உணர்ந்தேன்.

உங்கள் பள்ளி அலமாரியிலும் இத்தகைய தட்டு ஒன்று இருக்கலாம். காலந்தாழ்த்தாமல் எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்